அயோடின் குறைபாட்டை எப்படி அறிவது, எப்போது ஈடுசெய்வது?

சென்னையில் முழு உடல் பரிசோதனைக்குச் சென்று வரும் எவருடைய அறிக்கையிலும் டி.எஸ்.எச். என்ற எழுத்துகளும் அவற்றுக்கு எதிரே ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் ஆய்வகம் குறித்த வரம்பைச் சற்றே தாண்டியிருந்தாலும், “உடம்பில் அயோடின் குறைந்துவிட்டது” என்று பலர் தாமாகவே முடிவு செய்து, இணையத்தில் அயோடின் சொட்டு மருந்தையோ கடற்பாசி மாத்திரையையோ வாங்கி உட்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த முடிவும் சரியன்று, அந்த மருந்தும் பெரும்பாலோருக்குத் தேவையன்று. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவு. உடலுக்குக் கிடைக்கும் அயோடினின் அளவை அது சொல்வதில்லை. இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், ஒரு தனி மனிதருக்கு அயோடின் குறைவாக உள்ளதா என்பதை ஒரே சோதனையில் உறுதிசெய்யும் வழி எதுவும் மருத்துவத்தில் இல்லை. அவர் வீட்டு உப்பில் அயோடின் உள்ளதா என்பதையோ ஒரு நிமிடத்துக்குள் கண்டுவிடலாம். ஆகவே, சோதிக்கத் தொடங்க வேண்டிய இடம் பெரும்பாலும் ஆய்வகமன்று, அடுக்களை.

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருக்கும் தைராய்டு சுரப்பி, இரத்தத்திலிருந்து அயோடினை ஈர்த்தெடுத்து டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களை உருவாக்குகிறது. பெயரில் உள்ள எண்ணே ஒவ்வொன்றிலும் எத்தனை அயோடின் அணுக்கள் உள்ளன என்பதைக் குறிக்கிறது. உடலின் வெப்பம், இதயத் துடிப்பின் வேகம், குடலின் இயக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் மூளையின் வளர்ச்சி ஆகியவை இந்த ஹார்மோன்களை நம்பியிருக்கின்றன. வயது வந்த ஒருவரின் உடலில் மொத்தமாக 15 முதல் 20 மில்லிகிராம் அயோடின்தான் இருக்கும். அதில் பெரும்பகுதி தைராய்டிலேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அன்றாட அளவு வயது வந்தவருக்கு 150 மைக்ரோகிராம், 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைக்கு 120, அதற்கும் சிறிய குழந்தைக்கு 90, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பதை மனத்தில் கொண்டால், வாழ்நாள் முழுமைக்கும் நமக்குத் தேவைப்படும் அயோடின் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும் என்பது விளங்கும். ஆயினும் இதை ஒரே நாளில் உண்டு சேமித்துவிட முடியாது. தொடர்ந்து சிறிது சிறிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அயோடின் போதிய அளவு வராதபோது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து தைராய்டைத் தூண்டக்கூடும். தூண்டப்பட்ட சுரப்பி கிடைக்கிற அயோடினைத் தவறவிடாமல் பிடிக்க முயன்று வீங்கிப் பெரிதாகிறது. இதுவே முன்கழுத்துக் கழலை. இப்படி ஈடுகொடுத்துவிடுவதால், மிதமான குறைபாடு உள்ள பலருக்கு டி.எஸ்.எச். இயல்பான வரம்பிலேயே இருந்துவிடுகிறது. மறுபுறம், டி.எஸ்.எச். உயர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, குறிப்பாக நம் நகரங்களில், காரணம் வேறு. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைச்சுரப்பும், ஐவரில் ஒருவருக்கு மேல் தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. எதிரணுக்களும் (ஆன்டிபாடிகளும்) இருந்தன. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயின் அடையாளம் இது. அயோடினைக் கூட்டுவதால் இந்த நோய் தீர்வதில்லை. சிலருக்கு மோசமாகவும் ஆகலாம்.

கடலோரத்தில் வாழ்கிறோமே, நமக்கு ஏன் குறைபாடு வரப்போகிறது?

சென்னைவாசிகளிடம் அடிக்கடி எழும் இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் இதன் பின்னால் ஒரு நியாயமான ஊகம் இருக்கிறது. மழையும் வெள்ளமும் பனிப்பாறைகளும் மண்ணிலிருந்து அயோடினை அரித்துக் கடலில் சேர்த்துவிடுவதால், இமயமலை அடிவாரத்தில் கழலை நோய் மிகுதி என்பது உண்மை. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் மருத்துவர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் மேற்கொண்ட ஆய்வே, அயோடின் கலந்த உப்பு கழலையைக் குறைக்கும் என்று இந்தியாவில் நிரூபித்து, 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்துக்கு வழிவகுத்தது. அப்படியானால் அயோடின் போய்ச் சேர்ந்த கடலின் உப்பில் அது நிறைய இருக்க வேண்டுமல்லவா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் இல்லை என்று தெரியும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பும் 50 முதல் 60 மைக்ரோகிராம் அயோடினும் இருக்கின்றன. அந்த அயோடின் முழுவதும் உப்போடு தங்கிவிடுவதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு கிராம் உப்பில் இரண்டு மைக்ரோகிராமைத் தொடாது. ஒரு நாளைக்கு 10 கிராம் உப்பு தின்றாலும் 20 மைக்ரோகிராம்கூட வராது. உண்மையில் அதிலும் ஒரு பகுதி உப்பு படிகமான பின் எஞ்சும் நீரோடு போய்விடுகிறது. ஆகவே மரக்காணத்து உப்பளத்திலிருந்து வந்தாலும் தூத்துக்குடியிலிருந்து வந்தாலும், அயோடின் சேர்க்காத கல் உப்பு கல் உப்புதான். இந்துப்பு என்று விலை கூட்டி விற்கப்படும் இளஞ்சிவப்பு உப்பின் நிலையும் இதுவே. அதைச் சமையலுக்கு மாற்றிக்கொண்ட குடும்பங்கள் தாங்கள் நலமான ஒன்றுக்கு மாறிவிட்டதாக எண்ணிக்கொண்டு, இருந்த அயோடினையும் இழந்துவிடுகின்றன.

நேரடியாக உண்பதற்கு விற்கப்படும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்தியா முழுவதும் 2006 மே மாதத்திலிருந்து நடப்பில் உள்ள சட்டம். கடையில் வாங்கும் நிலையில் அந்த உப்பில் குறைந்தது 15 பிபிஎம், அதாவது ஒரு கிராம் உப்புக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும். ஆனால் 2018-19-இல் நாடு தழுவி நடந்த அயோடின் கணக்கெடுப்பில், இந்த அளவுள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாட்டின் சராசரியில் 76 சதவீதமாக இருக்க, தமிழ்நாட்டில் 62 சதவீதமே இருந்தன. மாநிலங்களுக்குள் அதுவே கடைசி இடம். உப்பை விளைவித்து நாட்டுக்கு அனுப்பும் முன்னணி மாநிலங்களில் ஒன்று, அயோடின் கலந்த உப்பை உண்பதில் கடைசியில் நிற்பது முரணாகத் தோன்றலாம். உப்பளங்கள் அருகிலேயே இருப்பதும், சாம்பாருக்கும் ஊறுகாய்க்கும் கல் உப்பே ருசி என்ற நம் வழக்கமும் இதற்குப் பங்களித்திருக்கும் என்றே கருதுகிறேன். கல் உப்பிலும் அயோடின் சேர்த்த வகை கிடைக்கிறது என்பதால் ருசியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அயோடின் படிகங்களின் மேற்பரப்பில்தான் தெளிக்கப்படுகிறது. அழுக்குப் போகட்டும் என்று கல் உப்பைத் தண்ணீரில் அலசிக் காயவைக்கும் பழக்கம் இருந்தால், அலசிய நீரோடு அதுவும் போய்விடும்.

வீட்டு உப்பைச் சோதிப்பதற்கென்று மாவுச்சத்துக் கரைசல் அடங்கிய சிறு சொட்டுக் குப்பிகள் உள்ளன. ஒரு தேக்கரண்டி உப்பின்மேல் இரண்டு சொட்டு விட்டால், அயோடேட் (உப்பில் அயோடின் சேர்க்கப்படும் வடிவம்) இருக்கும் உப்பு நீலம் கலந்த ஊதா நிறமாகும். நிறத்தின் அடர்த்தியைக் குப்பியோடு தரும் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு ஏறத்தாழ அளவை அறியலாம். பல நாடுகளின் கணக்கெடுப்புகளில் பயன்பட்ட எம்.பி.ஐ. என்ற குப்பி சென்னையில் தயாரிக்கப்படுவதுதான் என்பது நகரத்தாரில் பலருக்குத் தெரியாது. இந்தச் சோதனை அயோடின் இருக்கிறதா இல்லையா என்பதை நம்பகமாகச் சொல்லும். 12 பிபிஎம்மா 18 பிபிஎம்மா என்பதைத் துல்லியமாகச் சொல்ல ஆய்வகத்தில் டைட்ரேஷன் முறைதான் வேண்டும். குப்பி கிடைக்காவிட்டால், பொட்டலத்தில் “அயோடின் கலந்த உப்பு” என்ற சொற்களும், தயாரித்த மாதமும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் உள்ளனவா என்று பார்ப்பதே போதுமான முதற்படி. இந்தியாவில் சேர்க்கப்படும் பொட்டாசியம் அயோடேட் நம் வெப்பத்தையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கக்கூடியது. எனினும் சென்னையின் ஈரக்காற்றில் திறந்த ஜாடியில் உப்பை வைக்காமல், மூடியுள்ள கலத்தில் வைத்து, கூடுமானவரை சமையல் முடியும் தறுவாயில் சேர்ப்பது நல்லது.

சிறுநீர்ச் சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

நாம் உட்கொள்ளும் அயோடினில் 90 சதவீதத்துக்கும் மேல் ஓரிரு நாட்களுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. எனவே சிறுநீரில் அயோடினை அளப்பதே இத்துறையின் அடிப்படைச் சோதனை. ஒரு பகுதியிலுள்ள பள்ளிக் குழந்தைகள் பலரிடம் ஒரே முறை சிறுநீர் வாங்கி, எல்லா அளவுகளையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுக்கிறார்கள். அந்த நடு எண் லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் வரை இருந்தால் அப்பகுதி மக்களுக்கு அயோடின் போதுமானது. 50 முதல் 99 வரை லேசான குறைபாடு, 20 முதல் 49 வரை மிதமானது, 20-க்குக் கீழே கடுமையானது. 300 அல்லது அதற்கு மேல் என்றால் மிகை. கர்ப்பிணிகளுக்கு 150 முதல் 249 வரை போதுமான வரம்பு.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஓர் ஊருக்கென வகுத்த இந்த வரம்பை ஒருவரின் அறிக்கையின்மேல் பொருத்தும்போதுதான். ஒருவர் நாள்தோறும் 150 மைக்ரோகிராம் அயோடினை வெளியேற்றுகிறார் என்று கொள்வோம். கத்திரி வெயிலில் வெளியே அலைந்து, வியர்த்து, அரை லிட்டர் சிறுநீரே கழித்த நாளில் அவருடைய அளவு லிட்டருக்கு 300 என்று வரும். மறுநாள் வீட்டிலிருந்து மோரும் தண்ணீருமாகக் குடித்து இரண்டு லிட்டர் கழித்தால் அது 75 என்று இறங்கும். முதல் அறிக்கை மிகை என்றும், இரண்டாவது குறைபாடு என்றும் சொல்ல, இடையில் அவர் உடலில் எதுவும் மாறியிருக்காது. இதோடு, முதல் நாள் மீன் குழம்பு, இரண்டாம் நாள் தயிர் சாதம் என்று உணவும் மாறும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து இன்று திறந்துவிட்ட நீரை மட்டும் அளந்து, ஏரியின் இருப்பைக் கணிக்க முயல்வதைப் போன்றது இது. தைராய்டில் பல வாரங்களுக்கான இருப்பு இருக்கும், சிறுநீரில் தெரிவது அன்றைய போக்கு மட்டுமே. ஒரு தனி மனிதரின் நிலையை ஓரளவு நெருக்கமாக மதிப்பிடவே வெவ்வேறு நாட்களில் குறைந்தது பத்து மாதிரிகள் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அவ்வளவு செலவழிப்பதற்கு, முன்னர் சொன்ன சொட்டுக் குப்பியே மேல்.

வேறு சில சோதனைகளும் இணையத்தில் பேசப்படுகின்றன. தோலில் அயோடின் கரைசலைத் தடவி, கறை எவ்வளவு விரைவில் மறைகிறது என்று பார்ப்பது அவற்றில் மிகப் பரவலானது. கறை மறைவது பெரும்பாலும் அயோடின் ஆவியாவதாலும் தோலின் தன்மையாலும் நேர்வது. உடலின் குறைபாட்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. 50 மில்லிகிராம் அயோடினை விழுங்கச் செய்து ஒரு நாள் சிறுநீரைச் சேகரிக்கும் சோதனைக்கும், முடியை ஆராயும் சோதனைக்கும் ஏற்கத்தக்க ஆதாரம் கிடையாது. முதலாவதில் ஆபத்தும் இருக்கிறது. இரத்தத்தில் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை அளப்பது அறிவியல் அடிப்படை உள்ள சோதனைதான், ஆனால் அதுவும் மக்கள்தொகை அளவில்தான் பொருள் தருகிறது.

அப்படியானால் மருத்துவர் என்ன செய்வார்? கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார், டி.எஸ்.எச்., தேவைப்பட்டால் ஃப்ரீ டி4, டி.பி.ஓ. எதிரணு ஆகியவற்றைக் கேட்பார். வீங்கியிருந்தால் அல்ட்ரா சவுண்டு எடுக்கச் சொல்வார். அவற்றோடு உணவைப் பற்றிக் கேட்பார். நோயாளிகள் இந்தக் கடைசிப் பகுதியை அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். எந்த உப்பு, பால் உண்டா, முட்டை உண்டா, கடல்மீன் வாரத்தில் எத்தனை முறை, இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருக்கிறீர்களா, அண்மையில் அயோடின் கலந்த சாயம் செலுத்திச் சி.டி. ஸ்கேன் எடுத்தீர்களா என்ற விவரங்கள் அயோடினைப் பொறுத்தவரை எந்த ஆய்வக எண்ணையும்விடப் பயனுள்ளவை. முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை உட்கொள்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பல ஆய்வக இயந்திரங்களில் அது டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதால், இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது நிறுத்தச் சொல்வது வழக்கம்.

யாருக்குக் கூடுதல் அயோடின் வேண்டும்?

அயோடின் கலந்த உப்பை வழக்கமாகப் பயன்படுத்தி, பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் சிலவற்றையாவது உண்ணும் ஒருவருக்கு மாத்திரை தேவையில்லை. 15 பிபிஎம் உப்பு 10 கிராமில் 150 மைக்ரோகிராம் வந்துவிடுகிறது. சமையலில் கொஞ்சம் இழந்தாலும் மற்ற உணவுகள் ஈடுசெய்யும். உப்பை 5 கிராமுக்குள் குறைக்கச் சொல்லும் பரிந்துரையைப் பின்பற்றுபவருக்கு உப்பிலிருந்து கிடைப்பது பாதியாகலாம் என்பதால், அவர் உண்ணும் சிறிதளவு உப்பாவது அயோடின் உள்ளதாக இருப்பது இன்னும் முக்கியமாகிறது. உப்பைக் கூட்டி அயோடினைப் பெற முயல்வது தவறு.

கவனிக்க வேண்டியவர்கள் சிலர் உண்டு. பாலையும் முட்டையையும் மீனையும் முற்றிலும் தவிர்த்து, இந்துப்பும் பயன்படுத்துபவர்களுக்குக் குறைபாடு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவர்களுக்கு முதல் மருந்து உப்பை மாற்றுவதே. கம்பில் உள்ள ஃபிளேவோன் என்னும் தாவரப் பொருள்கள் சிலவும், மரவள்ளிக் கிழங்கிலிருந்து உடலில் உருவாகும் தயோசயனேட்டும் தைராய்டின் வேலையைத் தடுக்கும் இயல்புடையவை. முட்டைகோசுக்கும் இந்தக் கெட்ட பெயர் உண்டு. அயோடின் போதுமான அளவு இருப்பவருக்கு இவற்றால் தீங்கில்லை என்பதால், கம்பங்கூழை நிறுத்தச் சொல்லும் அறிவுரைகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மூன்று வேளையும் அதே தானியத்தை உண்டு அயோடினற்ற உப்பையும் பயன்படுத்தினால்தான் அந்த அச்சத்துக்குப் பொருள் வரும். புகைபிடிப்பதாலும் தயோசயனேட் கூடுகிறது. பாலூட்டும் தாய் புகைத்தால் தாய்ப்பாலில் அயோடின் குறைகிறது.

எல்லோரையும்விடக் கவனம் தேவைப்படுவது கர்ப்பிணிகளுக்கும் கருவுறத் திட்டமிடுபவர்களுக்கும்தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கரு தாயின் ஹார்மோனையே முழுவதும் நம்பியிருக்கிறது. அந்தக் காலத்தின் கடுமையான குறைபாடு குழந்தையின் மூளை வளர்ச்சியை மீட்க முடியாதபடி பாதிக்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையில் அயோடின் கிடையாது. தனியார் கடைகளில் விற்கும் கர்ப்பகாலச் சத்து மாத்திரைகளில் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இராது. அமெரிக்கத் தைராய்டு சங்கம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் நாள்தோறும் 150 மைக்ரோகிராம் அயோடினைப் பொட்டாசியம் அயோடைடு வடிவில் துணைச் சத்தாகப் பரிந்துரைக்கிறது. உப்புத் திட்டம் நன்றாக நடக்கும் இடங்களில் தனி மாத்திரை தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அணுகுமுறை. மேலே சொன்ன 62 சதவீதத்தை நினைவில் வைத்துப் பார்த்தால், நம் மாநிலத்தில் மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே வீட்டு உப்பைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் கேட்டுவிடுவதே விவேகம் என்பது என் கருத்து.

மிகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். திடீரென்று பேரளவு அயோடின் வந்தால் ஆரோக்கியமான தைராய்டு தன் உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்திக்கொண்டு, சில நாட்களில் வழக்கத்துக்குத் திரும்பிவிடும். வோல்ஃப், சைகோஃப் ஆகிய இருவரும் 1948-இல் விவரித்த இந்தத் தற்காப்பிலிருந்து ஹாஷிமோட்டோ நோயாளிகளின் தைராய்டு மீள முடியாமல் நிலையான குறைச்சுரப்புக்குள் போகலாம். நீண்ட நாள் கழலையும் கட்டிகளும் உள்ளவர்களிடம் இதற்கு நேர்மாறாக மிகைச்சுரப்பு தூண்டப்படலாம். வயது வந்தவருக்கான உச்சவரம்பை ஐரோப்பிய வல்லுநர்கள் நாளுக்கு 600 மைக்ரோகிராம் என்றும் அமெரிக்கர்கள் 1,100 என்றும் வைத்திருக்கிறார்கள். லூகால் என்னும் 5 சதவீத அயோடின் கரைசலின் ஒரே சொட்டில் சுமார் 6 மில்லிகிராம், அதாவது 6,000 மைக்ரோகிராம் அயோடின் இருக்கிறது. நாற்பது நாட்களுக்குத் தேவையானது ஒரு சொட்டில். கெல்ப் என்னும் கடற்பாசி மாத்திரைகளில் அளவு புட்டிக்குப் புட்டி மாறுகிறது என்பதால் அவற்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரையில் 75 மில்லிகிராம் அயோடின் இருப்பதால், அதை உட்கொள்பவர்களின் தைராய்டை மருத்துவர்கள் இடைவிடாமல் கண்காணிக்கிறார்கள்.

தைராக்சின் மாத்திரை உட்கொள்பவர்கள் அடிக்கடி கேட்பது, கூடவே அயோடினும் எடுக்கலாமா என்பது. தைராக்சின் என்பது டி4 ஹார்மோனே. அதன் எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் அயோடின். 100 மைக்ரோகிராம் மாத்திரை உட்கொள்பவருக்கு அதிலிருந்தே சுமார் 65 மைக்ரோகிராம் அயோடின் போய்ச் சேர்கிறது, அவருக்கு அயோடின் கலந்த உப்பையும் நிறுத்தத் தேவையில்லை, தனி மாத்திரையும் தேவையில்லை. கர்ப்பகாலத்தில்கூட, ஏற்கெனவே தைராக்சின் எடுப்பவர்களுக்கு அயோடின் மாத்திரையைத் தொடங்க வேண்டியதில்லை என்றே அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. இப்படிப்பட்டவர்களின் டி.எஸ்.எச். இறங்க மறுத்தால், அயோடினைச் சந்தேகிப்பதற்கு முன் விடிந்ததும் குடிக்கும் ஃபில்டர் காபியைச் சந்தேகிப்பது நல்லது: மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரமும் இடைவெளி விட்டு, ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகு மறுபடியும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.